சுமைதாங்கியில் ஒரு வரி

அன்புச்செல்வன் எழுந்து பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். குடத்தைக் கொண்டுபோய்த் தெருக்குழாய் வரிசையில் வைத்துவிட்டு வந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தான். திரி கருகியிருந்தது. கத்தரியால் நுனியை வெட்டிவிட்டு மறுபடி பற்றவைத்தான். உலை கொதிப்பதற்குள் தண்ணீர் பிடித்து வந்தான். சவரம் செய்தான். சொம்பில் கொதிநீரை ஊற்றி, அதன் சூட்டில் சட்டையைச் சுருக்கம் போகத் தேய்த்தான். சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். சைக்கிள் டயரை அழுத்திப் பார்த்தான். காற்று இருந்தது.

வீட்டுக்காரம்மா சாலம்மாள் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கித்தான தம்பி கல்லு நடறாங்க?"

"ஆமாங்க."

"அப்பறம் டுடோரியலுக்குக் கெளம்பிட்ட?"

"சாயங்காலந்தாங்க நடறாங்க."

சாலம்மாள் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சவரம் செய்த முகம், மடிப்புக் கலையாத சட்டை. "எப்பிடியோ தேறிட்ட" என்றாள். அவன் தலையசைத்துவிட்டு சைக்கிளைத் தள்ளினான். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு மனிதன் தினமும் சவரம் செய்துகொண்டால் தேறிவிட்டான் என்று ஊர் எழுதிக்கொள்ளும்.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் உரக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது டுடோரியல். பத்தாவதிலும் பிளஸ் டூவிலும் தவறியவர்கள் அங்கே வந்து மறுபடி படித்தார்கள். பெரும்பாலும் தவறியது ஆங்கிலத்தில்தான். அன்புச்செல்வன் ஆங்கிலம் எடுத்தான். எம்.ஏ. முடித்தவன். அரசுப் பள்ளி வேலைக்குப் பதிந்து வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

அன்றைக்குப் பாடம், வினைச்சொல்லோடு ஒரு சிறு சொல் சேர்ந்து பொருள் மாறும் விதம். கரும்பலகையில் 'டிக்' என்பதை ஆங்கிலத்தில் எழுதினான். தோண்டு. பக்கத்தில் 'அப்' சேர்த்தான். தோண்டி எடு, தோண்டிக் கிளறு. நடுவில் ஒரு கோடு போட்டான். இந்தப் பக்கம் நேர்ப்பொருள், அந்தப் பக்கம் உட்பொருள்.

"தோட்டத்துல மரவள்ளிக் கிழங்கத் தோண்டி எடுத்தா அதுவும் டிக் அப். எப்பவோ நடந்த விஷயத்தத் தோண்டி எடுத்தா அதுவும் டிக் அப். ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க."

கடைசி வரிசையில் ஒருத்தன் எழுந்தான். "சார், எங்க அத்தை சண்டைன்னு வந்தா எங்கப்பா கல்யாணத்துல பாயசத்துல முந்திரி கம்மியா போட்டதத் தோண்டி எடுக்கும். அது எந்தப் பக்கம் சார்?"

வகுப்பு சிரித்தது. "அந்தப் பக்கம்" என்று அன்புச்செல்வன் கோட்டுக்கு அப்பால் சுட்டினான். "ஆங்கிலத்துல சொல்லு."

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் இங்க வரப்போறேன்?"

மறுபடி சிரிப்பு. முதல் பெஞ்சில் மலர்விழி என்ற பெண் கையைத் தூக்கினாள். நைனார்பாளையத்துப் பெண். அந்த வாரம்தான் சேர்ந்திருந்தாள். எழுந்து, மனப்பாடம் செய்தவள் போல ஆங்கிலத்தில் சொன்னாள்: அவர்கள் சாலையைத் தோண்டினார்கள்.

'டக் அப்' என்று இறந்தகாலத்தைச் சரியாகப் போட்டிருந்தாள். "சரி. நேர்ப்பொருள்" என்று அதைப் பலகையில் எழுதினான் அன்புச்செல்வன்.

"இன்னொரு வரியும் இருக்கு சார். அத ஆங்கிலத்துல எப்பிடிச் சொல்றதுன்னு தெரில. எங்கூர்ல சொசைட்டி செவுத்துல எழுதியிருக்காங்க. 'உயிர் போனாலும் குழியை மூடாதீர். தியாகி அம்சவள்ளி.'"

வகுப்பில் பழைய மாணவர்களுக்கு விஷயம் தெரியும். அவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். யாரோ மலர்விழியின் தாவணியைப் பிடித்து இழுத்தார்கள். அவளுக்குப் புரியவில்லை.

"யாரு?" என்று கேட்டான் அன்புச்செல்வன்.

"அம்சவள்ளி சார். ரோடு மறியல் அப்ப செத்துப்போனாங்களே, புள்ளத்தாச்சி. ஆசுபத்திரிக்குப் போற வழியில குழி. மூடிட்டு வண்டிய ஓட்டறோம்னு சொன்னாங்களாம். அந்தக்கா வாணாம்னுட்டாங்களாம். 'நான் செத்தாலும் பரவால்ல, குழிய மூடாதீங்க'ன்னு சொல்லிட்டு உயிர விட்டாங்களாம். எல்லாக் கூட்டத்துலயும் சொல்றாங்களே. நீங்க கேள்விப்படலியா?"

"இல்ல" என்றான்.

சாக்பீஸை மேசையில் வைத்தான். அது உருண்டு கீழே விழுந்தது. எடுக்கவில்லை. "அந்த வரிய நாளைக்கிப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கினான். உர மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அவனுக்காக ஒதுங்கி நின்றார்கள். எதற்காக நிற்கிறார்கள் என்று அவனுக்கு உடனே விளங்கவில்லை. படியின் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

ஈச்சம்பட்டு, மலைக்குப் போகும் சாலையில் இருந்தது. அவன் மனைவி அம்சவள்ளி பிறந்த ஊர். சாயங்காலம் வரை காத்திருக்காமல் அன்புச்செல்வன் நேரே சைக்கிளில் கிளம்பிவிட்டான். மேற்கே கல்வராயன் மலை நீலமாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் கரும்பு. ஒவ்வொரு ஊர் எல்லையிலும் சாலையின் குறுக்கே ஒரு பட்டை, புது மண் நிறத்தில். வெட்டிய இடத்தை மூடி ஜல்லி போட்டிருந்தார்கள். தார் இன்னும் போடவில்லை. அங்கெல்லாம் சைக்கிள் குதித்தது.

எண்பத்தேழு செப்டம்பரில் மறியல் நடந்த அந்த வாரம் முழுக்க மாவட்டத்தில் ஒரு வண்டி ஓடவில்லை. படிப்பிலும் வேலையிலும் தங்களுக்கென்று ஒதுக்கீடு வேண்டும் என்று சாதிச் சங்கம் கேட்டது. கேட்டது நியாயம் என்றுதான் அன்புச்செல்வன் நினைத்தான். நேர்காணலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்த அனுபவம் அவனுக்கும் இருந்தது. சங்கத்துக்காக ஒரு மனுவை ஆங்கிலத்தில் எழுதிக்கூடக் கொடுத்தான். புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்தார்கள். மரம் இல்லாத இடத்தில் சாலையைத் தோண்டினார்கள். எந்த ஊரும் அடுத்த ஊருக்குச் சளைத்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நம் ஊரில் வெட்டுவோம், ஆத்திர அவசரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் வழி வைத்திருப்பான் என்று ஒவ்வொரு ஊரும் நினைத்தது. ஈச்சம்பட்டில் ஏரி மதகுப் பக்கம் குழி வெட்டியவர்களில் முன்னால் நின்றவன் வீரமுத்து, அம்சவள்ளியின் தம்பி.

அவள் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டில் இருந்தாள். டுடோரியல் மூடிக் கிடந்ததால் அன்புச்செல்வனும் அங்கேதான் இருந்தான். பிள்ளை பிறக்க இன்னும் நாள் இருந்தது. ஒரு காலையில் புடவை நனைந்து எழுந்தாள். தண்ணீர் என்று நினைத்தார்கள். ரத்தம். மாமனார் ராமசாமி வண்டி பூட்டினார். வைக்கோல் பரப்பி, மேலே பழந்துணி விரித்து, மாமியார் ரங்கம்மாள் மடியில் தலை வைத்துப் படுக்கவைத்தார்கள். அன்புச்செல்வன் வண்டியின் பின்னால் ஓடினான். வண்டி மதகு வரைக்கும் வந்து, குழிக்கு முன்னால் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவுமில்லை. புதைக்கும்போது இரண்டு குழி வேண்டும் என்றார்கள், பெரியது ஒன்று, சிறியது ஒன்று. வயிற்றில் பிள்ளையோடு போனவளை அப்படியே புதைக்க மாட்டார்கள். அவன் சரி என்றான். அன்றிலிருந்து எது கேட்டாலும் சரி என்றே சொல்லி வந்தான். அவளுக்கு ஒரு சுமைதாங்கி நட வேண்டும் என்று வீரமுத்து வந்து சொன்னபோதும் சரி என்றான். சுமையை இறக்காமல் செத்தவள் பெயரில் சாலையோரம் அப்படிக் கல் நடுவது வழக்கம். இரண்டு கல்லை ஊன்றி, மேலே ஒரு கல்லைக் குறுக்காக வைப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் இறக்கிவைத்து மூச்சு வாங்குவார்கள். கல் ஊன்றத் தாலி கட்டியவன் கைதான் முதல் மண்ணைத் தோண்ட வேண்டும். குறுக்குக் கல்லில் அவள் பெயர் இருக்கும் என்று மட்டும்தான் வீரமுத்து சொல்லியிருந்தான்.

மதகருகே பந்தல் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கிக் குழாயைப் புங்கமரத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள். தியாகதுருகத்திலிருந்து வந்த கல்தச்சர் அய்யப்பன் குறுக்குக் கல்லைச் சாக்கின் மேல் படுக்கவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அம்சவள்ளி என்ற பெயரும் இறந்த தேதியும் வெட்டி முடித்திருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி செங்காவியால் எழுதி மட்டும் இருந்தது.

உயிர் போனாலும் குழியை மூடாதீர்.

"வாங்க சார்" என்று அய்யப்பன் எழுந்தார். "எழுத்து சரியா இருக்குதான்னு ஒருக்கா பாத்துருங்க. நீங்க சொன்னா வெட்டிடுவேன். பொழுதோட தலைவருங்க வந்துடுவாங்களாம்."

அன்புச்செல்வன் பார்த்தான். எழுத்து சரியாகத்தான் இருந்தது.

"வீரமுத்து எங்க?"

"ஏரிக்கரையில மண்ணு அள்ளிக்கினு இருக்காரு."

வீரமுத்து தனியாக இருந்தான். கூடையில் மண் நிரப்பிக்கொண்டிருந்தான். வேட்டியை மடித்துக் கட்டி, உடம்பெல்லாம் புழுதி. மாமாவைப் பார்த்ததும் நிமிர்ந்தான். மெலிந்திருந்தான்.

"இன்னா மாமா, சாயங்காலந்தான வரேன்னீங்க."

"அந்த வரி இன்னாடா?"

வீரமுத்து மண்வெட்டியைக் கீழே போட்டான். எந்த வரி என்று கேட்கவில்லை.

"கண்ணீர் அஞ்சலிக் கூட்டம் வெச்சாங்கள்ல மாமா, நீங்ககூட வரல. சங்கத்துப் பூமாலை மாமா என் கையில மைக்கக் குடுத்துட்டாரு. 'ஒங்கக்கா கடைசியா இன்னாடா சொன்னா, சொல்லு'ன்னாரு. ஆயிரம் பேரு என்னியே பாத்துக்கினு நிக்கறாங்க. நான் வெட்டுன குழி மாமா அது. நான் இன்னா சொல்லுவேன்?"

"அவ சொன்னதச் சொல்லியிருக்கலாம்."

"அத மைக்ல சொல்ல முடியுமா?" வீரமுத்து அவன் முகத்தைப் பார்த்தான். "நீங்களே சொல்லுங்க. அத சொல்ல முடியுமா?"

அன்புச்செல்வன் குனிந்து மண்வெட்டியை எடுத்துக் கூடையோரம் சாய்த்தான்.

"அப்பிடி ஒண்ணு சொன்ன பெறகுதான் மாமா ஊர்ல என்னிய மனுசனா பாக்கறாங்க. அதுக்கு முந்தி டீக்கடையில போய் நின்னா பேச்சு நின்னுரும். அக்காவக் குழி வெட்டிப் பொதச்சவன்னு என் காதுபடவே சொன்னாங்க. இப்ப தியாகியோட தம்பி. சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நாளு அது அப்பிடித்தான் சொன்ன மாரி இருக்குது. அந்த வரிய அழிச்சிட்டீங்கன்னா நான் எங்க போறது?"

"மூடாதன்னு அவ சொல்லல. மூடிக்கினு இருந்தோம். நீயும் நானும் மூடிக்கினு இருந்தோம்."

"தெரியும் மாமா."

"செவுத்துல எழுதிப் போட்டுருக்காங்கடா. ஒரு பொண்ணு எங்கிட்டயே வந்து பாடம் ஒப்பிக்கறா."

வீரமுத்து உட்கார்ந்துவிட்டான். மண் கூடையைக் கட்டிக்கொண்டு, தலையை அதன் விளிம்பில் வைத்துக்கொண்டான். அன்புச்செல்வனுக்கு அவனைத் தொட வேண்டும் என்று தோன்றியது. தொடவில்லை. அவனுடைய கை எங்கேயோ தூரத்தில் இருந்தது.

பந்தலுக்குத் திரும்பியபோது பூமாலை வந்திருந்தார். நெல் மில் வைத்திருந்தவர், சங்கத்தில் ஒன்றியப் பொறுப்பில் இருந்தவர். மோசமான மனிதர் இல்லை. கருமாதிக்கு அரிசி மூட்டை அனுப்பிவிட்டு அனுப்பியதாகக் காட்டிக்கொள்ளாமல் பந்தியில் ஓரமாக நின்றவர். ராமசாமி அவர் பக்கத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். ரங்கம்மாள் கொஞ்சம் தள்ளி, கல்லைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மூன்று உறவுக்காரப் பெண்கள் அவளோடு இருந்தார்கள்.

"வாப்பா அன்பு" என்றார் பூமாலை. "ஒன்னியப் பத்தி ராத்திரிகூடப் பேசிக்கினு இருந்தோம். பேச்சாளருங்க எல்லாம் பேசுன பெறகு நீ ரெண்டு வார்த்த பேசணும். படிச்சவன். ஜாஸ்தி வாணாம். அந்த வரியச் சொல்லிட்டு எறங்கிட்டாப் போதும்."

"அந்த வரி வாணாங்க."

"எது?"

"கல்லுல. பேரு போதும். அத வெட்ட வாணாம்."

அய்யப்பன் உளியைக் கையில் எடுத்தவர், திரும்ப வைத்தார். பூமாலை சிரித்துப் பார்த்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"ஏம்பா, பேரு மட்டும் போட்டா ஊர் ஊருக்குக் கெடக்கற சுமைதாங்கில இதுவும் ஒண்ணு. மூட்டைய எறக்குவான், பீடி பத்த வெப்பான், போவான். அந்த வரி இருந்தா நின்னு படிப்பான். நாளைக்கி நம்ம புள்ளைங்க வேலைக்கிப் போறப்ப யாரால போறோம்னு தெரிய வாணாமா? அவ செத்தது வீணாப் போயிடக் கூடாதுன்னு சொல்றேன். வேற எனக்கு இன்னா இருக்குது?"

"அவ அப்பிடிச் சொல்லலைங்க."

ஒலிபெருக்கி கட்டுகிறவன் மரத்திலிருந்து கீழே பார்த்தான்.

ராமசாமி ஓரடி முன்னால் வந்தார். "மாப்ள" என்றார் தணிந்த குரலில். "நடந்தது நடந்துபோச்சி. அதத் தோண்டாதீங்க. தோண்டுனா இன்னா வரப்போவுது?"

காலையில் கரும்பலகையில் போட்ட கோடு அன்புச்செல்வனுக்கு நினைவு வந்தது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எத்தனை வகுப்புக்கு நேராகக் கோடு போட்டிருக்கிறான். இங்கே நிற்கிற இடத்தில் அந்தக் கோடு இல்லை. காலடியில் இருந்தது அதே மண். மூடிய பட்டை சாலையின் குறுக்கே வேறு நிறத்தில் ஓடியது.

"பூமாலைண்ணா" என்றாள் ரங்கம்மாள்.

எல்லோரும் திரும்பினார்கள். மகள் செத்த நாளிலிருந்து அவள் பொது இடத்தில் வாய் திறந்ததில்லை.

"மூடாதன்னு எம்பொண்ணு சொல்லல. எம்மடியிலதான் படுத்துக்கினு இருந்தா. மூடுன்னு சொன்னது இந்த ஆளு." ராமசாமியை விரல் நீட்டிக் காட்டினாள். "கேளுங்க, இல்லன்னு சொல்லட்டும்."

ராமசாமி ஓரடி பின்னால் போனார்.

"யாரு மூடச் சொன்னா இன்னாம்மா, கஷ்டத்துல..." என்று ஆரம்பித்தார் பூமாலை.

"நாலு பேரு துணியில ஏந்திக்கினு குழியில எறங்கி ஏறியிருந்தா அந்தாண்ட போயிருக்கலாம். இடுப்பளவு குழி. அந்தாண்ட பக்கத்துல முனியன் வூட்டு வண்டி நின்னுச்சி, மாடு பூட்டித் தயாரா. இவுருதான் 'புதுக்குழிய வயித்துப்புள்ளக்காரி தாண்டக் கூடாது, புள்ளைக்கி ஆவாது, மூடிட்டு வண்டியோட போவலாம்'னாரு. அத்தினி பேரும் மம்பட்டியத் தூக்கிக்கினாங்க. நானும் வாய மூடிக்கினு இருந்தேன். எனக்கும் அதான சொல்லி வளத்தாங்க."

ராமசாமி துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி கட்டிக்கொண்டார். "மலையில மழ பேஞ்சி மண்ணெல்லாம் சேறு" என்றார், யாரிடமும் இல்லாமல். "போடப் போட உள்ள வாங்கிக்கினே இருந்துச்சி. கொஞ்ச நேரத்துல மூடிருவோம்னு நெனச்சேன்."

ஏரியில் எருமைகள் இறங்கும் சத்தம் கேட்டது.

அன்புச்செல்வன் அந்தக் காலையை அப்படியே பார்த்தான். பார்க்க மறுத்துவந்தது இப்போது கண் முன்னால் நின்றது. ஐந்தாறு பேர் சாலையோரத்து மண்ணைத் தோண்டித் தோண்டிக் குழியில் கொட்டினார்கள். அதே மண்வெட்டிகள், குழி வெட்டிய அதே ஆட்கள். வெட்டியதைவிட வேகமாக மூடினார்கள். அவனும் ஒரு மண்வெட்டியை எடுத்திருந்தான். எம்.ஏ. படித்தவன். தூக்கிக்கொண்டு போகலாம் என்று அவனுக்குத் தோன்றியது. வண்டியைப் பார்த்தபோதும் தோன்றியது, முதல் மண்ணை வெட்டியபோதும் தோன்றியது. மாமனார் சொல்லிவிட்டார், பெரியவர்கள் நிற்கிறார்கள் என்று வெட்டிக்கொண்டே இருந்தான். தோன்றியதைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். அது வாயிலேயே நின்றுவிட்டது. குழி மூடி வண்டிச் சக்கரம் அதன் மேல் ஏறியபோது ரங்கம்மாள் கத்தினாள். வண்டியை நிறுத்தச் சொல்லி இல்லை. வெறுமனே கத்தினாள்.

"செரி" என்றார் பூமாலை. குரல் மாறியிருந்தது. மேடைக்குரல் போய் மில்லில் பேசும் குரல் வந்திருந்தது. "நான் பொய்யக் கல்லுல வெட்டணும்னு ஆசப்படறவன் இல்ல. புள்ள சொன்னான், நம்பிட்டேன். ஊர் ஊருக்கும் சொல்லிட்டேன்."

வீரமுத்து பந்தலின் ஓரத்தில் வந்து நின்றதை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். மண் கூடை தலையில் அப்படியே இருந்தது. இறக்கிவைக்கக்கூட இல்லை.

"நான் சொன்னது பொய்யிங்க" என்றான் அவன்.

பூமாலை அவனைத் திட்டவில்லை. "எறக்குடா அத, கழுத்து ஒடிஞ்சிரப் போவுது" என்றார். ஒருத்தன் போய்க் கூடையைப் பிடித்து இறக்கினான். பூமாலை குனிந்து, தோள் துண்டின் நுனியை எச்சிலில் நனைத்து, செங்காவி வரியின் கடைசி எழுத்தைத் தேய்த்தார். அது கல்லில் சிவப்பாக இழுபட்டது. அய்யப்பன் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து ஊற்றினார். வரி கலங்கிச் சாக்கில் வடிந்தது.

"இப்ப எடம் காலியாக் கெடக்குது" என்றார் பூமாலை. "தலைவருங்க வந்தா கேப்பாங்க, நான் பதில் சொல்லிக்கறேன். ஆனா ஒண்ணு. எதயோ சொல்லித்தான செத்திருக்கும். அதச் சொல்லு. நெசத்தையே வெட்டிருவோம்."

அன்புச்செல்வன் வாயைத் திறந்தான். அந்த வார்த்தைகளை அவன் ஒரு முறைகூட உரக்கச் சொன்னதில்லை. இத்தனை பேர் நடுவில், பந்தலும் கொடியும் குழாயும் கட்டிய இடத்தில் அதைச் சொன்னால் சிரிப்பார்களோ என்று நினைத்தான். அவள் அதைச் சொன்னபோது முகம் வெளுத்திருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சாகப்போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர்கள் யாருக்குமே தெரிந்திருக்கவில்லை. அதுதான் அவனை அன்றும் இன்றும் அடித்துப்போட்டது.

"சொல்லுங்க மாப்ள" என்றாள் ரங்கம்மாள். "நானும் கேட்டேன். நீங்க சொல்லுங்க."

வீரமுத்து நிமிர்ந்து பார்த்தான். அய்யப்பன் காவிக் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

"வண்டியில இருந்து தலையத் தூக்கிப் பாத்தா" என்றான் அன்புச்செல்வன். "நான் குழிக்கிட்ட நின்னுக்கினு வெட்டிக்கினு இருந்தேன். என்னியக் கூப்புடல, தம்பியத்தான் கூப்புட்டா." பிறகு அவள் சொன்னதை, அவள் சொன்னபடியே சொன்னான்:

"டேய் வீரமுத்து, மாமாகிட்டேர்ந்து மம்பட்டிய வாங்கிக்கடா. அவுருக்கு மண்ணு வெட்டத் தெரியாது, காலுல கீலுல போட்டுக்கப் போறாரு."